விளக்கு வைக்கிற நேரமும் ஒரு கடல் காளானும்

வெயிலை விற்றுப் பிழைத்தவன் நான். அதுவும் எங்கே? அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும். சித்திரை வந்தால் ஆடுகள்கூடக் கருவேல நிழலுக்குச் சண்டை போடும் சீமை இது. இங்கே வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி வைத்து, அதற்குள் கடலை வைத்து, கடலுக்கு மேலே வெயிலை மாட்டிக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்றுப் பாளையம்பட்டியில் சும்மா கிடந்தவனை நான் வேலை பார்த்த கடைக்கே கூப்பிட்டு, "புதுசா வந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்கள். நாலு வார்த்தையில் முடிக்கிற ஆள் நான் இல்லை. உட்காருங்கள். போனைப் பைக்குள் போடுங்கள்.

எவ்வளவு நீலம், எவ்வளவு வெள்ளை, தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்துக்கு வெளிச்சம் இறங்கும் என்றெல்லாம் மீட்டரை விட்டுப் பார்த்து டக்கென்று சொல்லிவிடுகிறீர்கள். ரொம்ப நல்லது. அந்தப் பாடம் உங்களுக்கு நான் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் லைட்டை மாட்டிவிட்டு நீங்கள் பஸ் ஏறி வந்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு அந்த லைட்டோடு குடும்பம் நடத்துவது அந்த வீட்டுக்காரர்கள். அவர்கள் என்ன செய்வார்கள் என்று எந்த மீட்டரும் காட்டாது.

எங்கள் தெருவிலேயே ஒருவர், புது லைட் மங்கலாக எரிகிறது, ஏமாற்றிவிட்டீர்கள் என்று கடை வாசலில் வந்து கத்தினார். போய்ப் பார்த்தால் கண்ணாடி மேல் ஒட்டி வரும் பாலிதீனை உரிக்கவே இல்லை. கேட்டால், "புதுசுல்ல அண்ணாச்சி, அழுக்காயிரும்" என்கிறார். அந்த வீட்டில் டிவி ரிமோட், சோபா, மகனுடைய பைக் சீட்டு எல்லாம் பாலிதீனுக்குள்தான் இருந்தன. நான் லைட்டில் இருந்ததை உரித்தபோது அந்த மனிதர் பார்க்கச் சகிக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அது சின்ன விஷயம். நான் சொல்ல வந்தது திருச்சுழி கப்பல்காரர் வீட்டுக் கதை.

அவர் பெயர் வேலுச்சாமி. நிலபுலன் உள்ள குடும்பம். மழையை நம்பி விவசாயம் பார்க்கப் பிடிக்காமல் கப்பலில் சமையல்காரராகப் போய், உலகத்தைச் சுற்றிவிட்டு ஊருக்குத் திரும்பியவர். ஏதோ ஒரு துறைமுக ஊரின் ஓட்டலில் பவளத் தொட்டியைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அதே நினைப்பு. புது வீடு கட்டியதும் என்னைத் தேடி வந்துவிட்டார்.

தொட்டி வைத்த அன்று ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. உப்புத் தண்ணீரைப் பக்குவமாகக் கலக்கிக்கொண்டிருக்கிறேன், ஒருவர் எட்டிப் பார்த்து, "இதுக்கு எதுக்குய்யா உப்ப வாங்கிக் கலக்குறீக? நம்ம போர்த் தண்ணியப் பிடிச்சு ஊத்த வேண்டியதுதானே, எம்புட்டு உப்பு வேணும்?" என்றார். லைட்டைப் போட்டதும் இன்னொருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே வேலு, இது என்னலே வெயிலா? வெயிலுக்குக் காசு குடுத்த மொத ஆளு நீதான்லே. தொட்டியத் தூக்கிக் களத்துல வையி, சும்மாவே கிடைக்கும்."

கப்பல்காரர் எதற்கும் அசையவில்லை. எனக்கு ஒரே ஒரு உத்தரவு போட்டார். "லைட்டு அண்ணாச்சி, கடல்ல எப்பிடியோ அப்பிடியே இருக்கணும். விடியையில எரியணும், பொழுதடையையில அணையணும்." அப்படியே லைட்டின் டைமரில் நேரத்தைக் குறித்து வைத்தேன்.

தொட்டிக்குள் ராஜா மாதிரி நடுவில் உட்கார்ந்தது ஒரு காளான் பவளம். பண்ணையில் வளர்த்து, முறையான காகிதத்தோடு வந்தது. நம் கடலில் இருந்து பவளத்தைப் பெயர்த்து எடுப்பது குற்றம். அதில் விளையாடுகிறவன் இந்தத் தொழிலுக்கே வேண்டாம். பார்க்கக் காளான், ஆனால் பொழுது ஏற ஏறத் தலை முழுக்க விரல் விரலாக நீட்டி ஆடும். பார்க்கிறவர்கள் பூ என்பார்கள். அது பூ இல்லை, பிராணி. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சம் கிடைத்தால் பாசி சமைக்கும், பவளம் சாப்பிடும். இதைக் கப்பல்காரரிடம் சொன்னபோது சமையல்காரர் என்பதால் உடனே பிடித்துக்கொண்டார். "வெளிச்சம் கூடிப்போனா?" என்றார். "அடுப்படியில அனல் தாங்காம சமையக்காரன் ஓடிருவான்" என்றேன். "நானே ஓடிருக்கேன்" என்றார்.

சில மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு காளான் சுருங்க ஆரம்பித்தது. விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, மேல்தோல் வெளுத்து, வேகவைத்த கிழங்கு மாதிரி உட்கார்ந்துவிட்டது. கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி.

நான் தண்ணீரைச் சோதித்தேன். சரி. உப்பு சரி. சூடு சரி. கரண்ட் ஏறி இறங்குகிறதோ என்று பார்த்தேன், அதுவும் சரி. லைட்டின் நேரத்தைப் போனில் திறந்து பார்த்தால் நான் குறித்தபடியே இருந்தது. வாரா வாரம் திருச்சுழிக்குப் போவேன், தலையைச் சொறிவேன், சாயங்கால பஸ்ஸைப் பிடித்துத் திரும்புவேன். கப்பல்காரர் தன் பங்குக்குத் தொட்டி மூலையில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினார். அது காய்ந்து தண்ணீருக்குள் விழுந்ததுதான் மிச்சம்.

இதற்கு நடுவில்தான் அந்த வீட்டில் பெரிய காரியம் நடந்துகொண்டிருந்தது. ஒரே மகள் சுகன்யா. விருதுநகரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாள். அவளை மதுரையில் இருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. அப்பாவுக்கும் பிடித்துவிட்டது. அம்மா பஞ்சவர்ணத்துக்கும் பிடித்துத்தான் இருந்தது, காளான் சுருங்குகிற வரை.

ஒரு ஞாயிறு நான் கண்ணாடிப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது அந்தம்மாள் வந்து நின்றார்.

"அண்ணே, ஒங்களுக்கு ஒண்ணு தோணலயா? மதுரைக்காரக வந்துட்டுப் போன நாள்ல இருந்துதான் இது இப்பிடிச் சுருங்குது."

"அதுக்கும் இதுக்கும் என்ன தாயி சம்பந்தம்?"

"சம்பந்தம் பேசுனதுலதான் வந்துச்சுன்றேன். வீட்டுல ஒரு உசிரு வாடி நிக்கையில நான் எப்பிடிண்ணே தட்டு மாத்துவேன்? எம் மனசு ஒப்பல. இது விரியாம நிச்சயம் கிடையாது. அவுககிட்டயும் சொல்லிட்டேன்."

அவுக என்றால் கப்பல்காரர். அவர் வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, மதுரைக்காரர்கள் வேன் சொல்லிவிட்டார்கள். அந்தம்மாள் உள்ளே போனதும் சுகன்யா என் பக்கத்தில் வந்து மெதுவாக, "மாமா, எங்கம்மா சொன்னா சொன்னதுதான். எப்பிடியாச்சும் விரிய வச்சிருங்க மாமா" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஒரு பிள்ளையின் கல்யாணம் ஒரு காளான் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த முறை நான் போன அன்று திரும்பி வருகிற சாயங்கால பஸ் வரவில்லை. வழியில் எங்கேயோ டயர் வெடித்ததாகச் சொன்னார்கள். ஸ்டாண்டில் நின்று என்ன செய்ய என்று திரும்பக் கப்பல்காரர் வீட்டுக்கே போனேன். அவர் டீக்கடைக்குப் போயிருந்தார். தினமும் அந்த நேரத்தில் அங்கேதான் கப்பல் கதை நடக்கும். பஞ்சவர்ணம் காப்பி கொடுத்து உட்காரச் சொன்னார். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பொழுது இறங்கியது. நான் குறித்து வைத்தபடி தொட்டி லைட் தணிந்து தணிந்து அணைந்தது. அந்தம்மாள் முகம் கழுவி, திருநீறு பூசி, சாமி விளக்கை ஏற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். இருட்டிக் கிடந்த தொட்டியைப் பார்த்தார். "இந்தா, இன்னைக்கும் அணைஞ்சு போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே லைட் மேலே இருந்த பட்டனை ஒரு அமுக்கு அமுக்கினார். பளீரென்று முழு வெள்ளை. வெல்டிங் பட்டறை மாதிரி. அந்தம்மாள் அதைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

என் காப்பி சட்டையில் கொட்டிவிட்டது.

"என்ன தாயி... தெனமும் போடுறீகளா?"

"பெறகு? பொழுதடைஞ்ச நேரத்துல வீட்டுல விளக்கு அணையலாமாண்ணே? முன்னெல்லாம் நான் கண்டுக்கல. இப்பப் பொண்ணுக்குப் பேசிக்கிட்டு இருக்குற வீடு. மதுரைக்காரக வந்துட்டுப் போன அன்னையில இருந்து ஒரு நாள் தவறல. படுக்கப் போகையிலதான் அணைக்கிறது. சில நாளு அணைக்காமலே அசந்துருவேன்."

போங்கள்! விடிந்தது முதல் ஒரு பகல் வெயில். அது முடிந்து கண்ணை மூடப் போகும் நேரத்தில், முந்தியதைவிடக் கடுமையாக இன்னொரு பகல். விடிந்ததும் லைட் தானாகப் பழைய கணக்குக்கு வந்துவிடும், அதனால் என் போனில் ஒன்றும் தெரியவில்லை. கப்பல்காரருக்கு இது தெரியும். பெண்டாட்டி விளக்குப் போடுவதை ஒரு செய்தி என்று யார் எடுத்துச் சொல்வார்கள்? எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. மகள் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று அந்தம்மாள் விளக்கைக் காத்தார். அந்த விளக்கே காளானைச் சுருட்டி, கல்யாணத்துக்கு அபசகுனமாக நின்றது.

இப்போது சொல்லுங்கள், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? வாய் துறுதுறு என்று இருக்கும், தெரியும். "நீங்கதான் காரணம்" என்று அங்கேயே போட்டு உடைத்திருப்பீர்கள். டீக்கடையில் இருந்து கப்பல்காரர் வந்ததும் அவரிடமும் சொல்லியிருப்பீர்கள். அவர் வீடு அதிரக் கத்தியிருப்பார். அந்தம்மாள், "எம் மகளுக்கு நானே கெடுதி பண்ணிட்டேனே" என்று மூலையில் உட்கார்ந்திருப்பார். முதல் சகுனத்தைவிட அது பெரிய சகுனமாகிவிடும். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் என் சர்வீஸில் நான் செய்த பெரிய வேலை.

அந்தம்மாள் வழக்கத்தை மாற்றச் சொல்ல நான் யார்? காளானுக்கு எந்த மணிக்கு விடிந்தால் என்ன? ஒரு பகல் வெளிச்சம், ஒரு ராத்திரி இருட்டு, அவ்வளவுதான் அதற்கு வேண்டியது. ஆகவே அதன் பொழுதையே தள்ளி வைத்தேன். மத்தியானம் விடிகிற மாதிரியும், வீட்டார் சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது அந்திசாய்கிற மாதிரியும் குறித்தேன். அதற்குப் பிறகும் ஊர் விடிகிற வரை நிலா வெளிச்சம் போல நீலமாக ஒரு பொட்டு எரியும். வெளிச்சத்தையும் பாதிக்குக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படி வைத்தேன்.

"தாயி, இனிமே விளக்கு வைக்கிற நேரத்துல இது தானாவே எரியும். நீங்க பட்டனைத் தொடவே வேணாம். ராத்திரியும் முழுசா அணையாது" என்றேன்.

"அணையா விளக்காண்ணே?" என்று அந்தம்மாளுக்கு ஒரே சந்தோஷம்.

கப்பல்காரருக்குத்தான் முகம் கோணியது. "ஏன் அண்ணாச்சி இம்புட்டு மங்கல்? மாப்பிள்ள வீட்டுக்காரக வந்து பாத்தா, கரண்டு பில்லுக்குப் பயந்தவன்னு நெனைப்பாக." பட்டனைத் தொட்டால் இந்தப் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லிவைத்தேன்.

காளான் மெல்ல மெல்ல நிறம் பிடித்தது. நிச்சயத்துக்கு முந்தின வாரம் விரல் விரலாக நீட்டி ஆடியது. அந்தம்மாள் எனக்குப் போன் போட்டு, "விரிஞ்சுருச்சுண்ணே! நீங்க கண்டிப்பா வரணும்" என்று அழுதார். நானும் அழுதேன். என் வீட்டுக்காரி என்னமோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

நிச்சயம் அன்று காலையில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சாயங்கால விசேஷத்துக்கு முன்கூட்டியே போய்க் கூடமாட இருப்போம் என்று போனேன். வாசலில் மதுரை வேன் நிற்கிறது! பொழுதோடு ஊர் திரும்ப வசதி என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டு, முந்தின நாள்தான் நேரத்தைக் காலைக்கு மாற்றியிருக்கிறார்கள். லைட்டுக்காரனுக்கு எதற்கு முகூர்த்தம் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

கூடத்தில் தட்டுகளில் பழம், தேங்காய், பட்டுப்புடவை. பின்னால் தொட்டி இருட்டாக இருக்கிறது. மத்தியானம்தானே அதற்கு விடியும். காளான் கைகால் எல்லாம் மடக்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறது.

காலையில் அடுப்படி, சாயங்காலம்தான் தொட்டி என்று இருந்த பஞ்சவர்ணம், அது மடங்கிக் கிடப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறார்; பார்த்தபடி சிலையாக நிற்கிறார். சுகன்யா பட்டுச் சேலையில் என்னைப் பார்க்கிறாள். கப்பல்காரர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "அண்ணாச்சி, ஃபுல்லாப் போடுங்க லைட்ட! இப்பவே போடுங்க! அவ தட்டத் தொட மாட்டேன்றா. மானம் போகுது." வீடியோக்காரர் வேறு, "நான் என் லைட்ட அடிக்கட்டுமா சார்?" என்று பெரிய விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் தொட்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டேன். தூங்குகிற பிள்ளையை உலுக்கி எழுப்பிச் சிரிக்கச் சொன்னால் சிரிக்குமா? வீறிட்டு அழத்தான் செய்யும். லைட்டைப் போட்டிருந்தால் காளான் இன்னும் இறுகியிருக்கும், அன்றைக்கு முழுவதும் விரிந்திருக்காது.

சொல்ல வேண்டிய நேரம் இதுதான் என்று பட்டது. ஆனால் ஒருவரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். அந்தம்மாளைத் தொட்டியின் பின்பக்கம் கூப்பிட்டேன்.

"தாயி, இது வாடல. தூங்குது. நீங்க விளக்கு வைக்கிற நேரத்துல முழிச்சிருக்கணும்னு நான்தான் பகல்ல தூங்க விட்டேன்."

அந்தம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பட்டனைப் பார்த்தார். கெட்டிக்காரப் பொம்பளை.

"அப்ப... அன்னைக்கெல்லாம் அது சுருங்கிக் கிடந்தது? நான் தூங்க விடாமப் போட்டதுனாலயா?"

"பிள்ளைக்காகப் போட்டீக. அதுக்குக் கண்ணு கூசிருச்சு. அம்புட்டுத்தான் தாயி. மதுரைக்காரக மேலயும் குத்தமில்ல, ஒங்க மேலயும் குத்தமில்ல."

"ஆத்தாடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. பார்த்தால் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு சிரிக்கிறார். அப்பாடா, இனி தட்டு மாற்றிவிடுவார் என்று எனக்கு உயிர் வந்தது.

அதுதான் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போய் மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நின்றார். "சம்பந்தி, தப்பா நெனைக்காதீக. மொதல்ல குறிச்ச மாதிரி விளக்கு வச்ச பெறகே மாத்திக்கிருவோம். இத்தன நாளு அதத் தூங்க விடாமப் பண்ணுனவ நானு. இன்னைக்கு அது நல்லாத் தூங்கி எந்திரிக்கட்டும். அது பாக்கத்தான் நான் தட்டு மாத்துவேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "சம்பந்தி" என்று சொன்னது மட்டும் புரிந்தது. சுகன்யா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். கப்பல்காரர், "ஒரு கடல் காளானுக்கு முகூர்த்தம் பாத்த குடும்பம் உலகத்துலயே நம்ம ஒண்ணுதான்டி" என்று கத்தினார். மதுரைக்காரர்கள் வேன் டிரைவரைப் பார்த்தார்கள். டிரைவர் சமையல் கொட்டகையைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாடும் உண்டு, ராத்திரி டிபனும் உண்டு என்றதும் அவருக்கு ஆட்சேபணை இல்லை. சமையல்காரருக்குத்தான் இருந்தது; அவரைச் சமாதானப்படுத்தக் கப்பல்காரரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரண்டியைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

மத்தியானம் தொட்டிக்குள் விடிந்தது. விருந்தாளிகள் எல்லாரும் அதன் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல் விரல் நீண்டபோது மாப்பிள்ளைப் பையன், "அந்தா, அந்தா!" என்று எழுந்தே விட்டான். சுகன்யா அவனைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். இனி இந்தக் கல்யாணத்துக்கு லைட்டுக்காரன் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. ராகுகாலம் போய், பஞ்சவர்ணம் விளக்கேற்றி, தட்டு மாற்றினபோது காளான் முழுசாக விரிந்து ஆடிக்கொண்டிருந்தது.

டிபன் முடிந்து வேன் கிளம்புகிற நேரம். வாசலில் செருப்புத் தேடுகிறார்கள், பிள்ளைகள் கத்துகின்றன. நான் குறித்து வைத்தபடி தொட்டி வெளிச்சம் மெல்லத் தணியத் தொடங்கியது. மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துப் பதறிவிட்டார். "அய்யய்யோ, விசேஷ வீட்டுல ஆளுக கிளம்பையில விளக்கு அணையுதே!" என்று ஓடிப்போய்ப் பட்டனில் கை வைக்கப் போனார். நான் எழுந்திருப்பதற்குள் பஞ்சவர்ணம் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீக சம்பந்தி. அதுக்குத் தூக்கம் வந்துருச்சு."

மாப்பிள்ளையின் அம்மா கையை எடுத்துக்கொண்டார். தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி, வாசலில் நின்ற தன் சனத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். மதுரைக்காரர்கள் அத்தனை பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் நடந்து போய் வேனில் ஏறினார்கள்.